ஆளில்லாத சேனல்

வேதாளை,
18 மார்ச் 2007

தம்பி சதக்குக்கு லாத்தா உம்மு ஹபீபாவின் ஸலாம்.

செல்போன் வாங்கி அனுப்பியிருக்கிறேனே, இவள் ஏன் இன்னும் இன்லண்ட் லெட்டரில் கிறுக்குகிறாள் என்று நினைப்பாய். போன் நல்ல போன்தான். போன மாதம் தனுஷ்கோடிக்குப் போன இடத்தில் அதை எடுத்துப் பார்த்தால், இலங்கைக்கு நல்வரவு என்று இங்கிலீஷில் ஒரு மெஸேஜ் வந்து கிடக்கிறது. மகள் ஹமீதா பானு வாசித்துச் சொன்னாள். கால் நனையாமலே நான் வெளிநாடு போய்வந்திருக்கிறேன். அதுபோக, நம் தெருவில் போனில் பேசினால் நாலாவது வீட்டு அடுப்பங்கரைவரை கேட்கும். இப்போது சொல்லப்போவது அங்கே போகிற சங்கதி இல்லை.

உன் மச்சான் கடலுக்குப் போய் இந்த மாசியோடு நாலு வருஷம் ஆகிறது. சங்கு குளிக்க வீரையாவோடு வள்ளத்தில் போன மனிதர். வள்ளமும் திரும்பவில்லை, அதில் ஒரு பலகையும் ஒதுங்கவில்லை. நாலு வருஷம் முடிந்தால் ஜமாஅத் ஒரு முடிவு சொல்லலாம் என்று உனக்கும் தெரியும். ஹமீதா பானுவுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. கல்யாணக் கார்டில் பெண்ணின் வாப்பா பெயருக்கு முன்னால் இறந்தவர் என்று 'மர்ஹூம்' போடுவதா வேண்டாமா என்பதில் காரியம் நிற்கிறது. போடவேண்டும் என்றால் முதலில் காயிப் ஜனாஸா தொழவேண்டும், முன்னால் உடல் இல்லாமலே தொழுகிற மையித் தொழுகை. அதற்குப்பிறகு நான் வெள்ளை கட்டி, நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தாவில் உட்காரவேண்டும். இப்போது எனக்குச் சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால்.

ஜமாஅத் தலைவர் சீனி முகம்மது ஹாஜியார் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. "ஒன் தம்பி டெல்லியில பெரிய எடத்துல இருக்கான், ஒனக்குப் பொறுப்பான வலியும் அவந்தான். அவன் ஒரு வார்த்த சொல்லட்டும்மா" என்று விட்டுவிட்டார். ஆக, தொழுவதும் தொழாததும் உன் வாயில் இருக்கிறது.

தொழச் சொல்லாதே தம்பி. அவர் மவுத்தாகவில்லை. நான் அவரைப் பார்க்கிறேன்.

சிரிக்காமல் வாசி. சிலோன் படம் பார்க்க உன் மச்சான் கொல்லையில் கம்பம் நட்டு ஒரு ஆண்டெனா கட்டினாரே, அது இன்னும் கிழக்கே பார்த்துத்தான் நிற்கிறது. தெரு முழுக்கக் கேபிள் வந்தபிறகும் நான் அதைக் கழற்றவில்லை. கடல் அமர்ந்து கிடக்கிற நாளில், சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து டி.வி.யின் குமிழை மெல்லத் திருப்பினால் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஒரு படம் நிற்கிறது. சத்தம் வராது. ஏதோ ஒரு கரை. மணலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். அதில் அவர். தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டே நிற்கிறார். முங்கி எழுந்தால் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது என்று ஆயுசுக்கும் தட்டிய காது. இருபது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அடையாளம் தெரியாதா?

உன் வீட்டுக்காரி சுலைகா போனில் ஒன்று சொன்னாள். இந்த வருஷக் கடைசியில் நீ ஜெனீவா போகிறாயாம், டி.வி. இருக்கிற இடத்தைப் பிடுங்கிச் செல்போனுக்குக் கொடுக்கப்போகிறீர்களாம். எந்த இடத்தை வேண்டுமானாலும் கொடு. அந்த ஒரு இடத்தில் கை வைக்காதே.

உன் லாத்தா

*

புதுடெல்லி,
2 ஏப்ரல் 2007

அன்புள்ள லாத்தாவுக்கு, ஸலாம்.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்து வாசித்துவிட்டு அன்றைக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சிரிக்கவில்லை. முதலில் சந்தோஷப்பட்டேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கரைப் படம் உன் வீட்டில் தெரிவதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. காற்று அடங்கின நாளில் கடலை ஒட்டி ஈரக்காற்று ஒரு அடுக்காகவும் அதற்குமேல் சூடான காற்று இன்னொரு அடுக்காகவும் படுத்துக்கொள்ளும். மேலே போகவேண்டிய அலை அந்த அடுக்கில் மாட்டி, வாய்க்கால் தண்ணீர் மாதிரி கடலோடு கடலாக ஓடி நம் கரைக்கு வந்துவிடும். உன் போனுக்கு இலங்கை நல்வரவு சொன்னதும் இரண்டு கரைக்கும் போன் ஒரே அலைவரிசையில் இருப்பதால்தான். போனுக்குக் கடலும் தெரியாது, எல்லையும் தெரியாது.

ஜெனீவாவில் நடக்கப்போவதும் இதையொட்டிய பேச்சுதான். அடுத்த தலைமுறைப் போனுக்கு நிறைய இடம் வேண்டும். ஒரு நாடு ஓரிடத்தை டி.வி.க்கும் பக்கத்து நாடு அதே இடத்தைப் போனுக்கும் வைத்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். எல்லா நாடும் ஒரே இடத்தை ஒதுக்கினால் ஒரே போன் உலகமெங்கும் பேசும், ஏழை கையிலும் இருக்கும். அதற்காகத்தான் இத்தனை நாட்டு ஆட்கள் கூடுகிறார்கள். நம் கரையிலும் எதிர்க்கரையிலும் எந்தச் சேனலில் யார் குடியிருக்கிறார்கள் என்று பட்டியல் எடுப்பது என் பிரிவின் வேலை. அதனால் நீ பார்க்கிற நிலையத்தைக் கண்டுபிடிப்பது எனக்குக் கஷ்டமே இல்லை.

அது ஏதாவது முகாமைக் காட்டுகிற படமாக இருக்கும். மச்சான் அங்கே பிடிபட்டு, பேர் ஊர் சொல்ல வழியில்லாமல் இருக்கலாம். அப்படியானால் நான் ஆளைப் பிடித்து அழைத்துவருகிறேன் இன்ஷா அல்லாஹ். குமிழில் எந்த எண், ஓரத்தில் ஏதாவது எழுத்து வருகிறதா, எந்த மொழி, எல்லாம் எழுது. ஹாஜியாரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சதக்

*

வேதாளை,
15 ஏப்ரல் 2007

தம்பிக்கு,

நீ எழுதியதை ராக்குவுக்கும் வாசித்துக் காட்டினேன். வீரையா பெண்டாட்டி ராக்கு, உனக்குத் தெரியுமே. தினமும் சாயங்காலம் அவளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாள். முகாம் என்று கேட்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாய் ஓயாமல் படத்தோடு பேசுவாள். "சாப்டீகளா, எப்பத்தேன் வாரீக" என்று கேட்டுவிட்டு, பதில் வருமா என்று கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எண் ஐம்பத்தைந்து. எழுத்து, முத்திரை, பேச்சு எதுவும் வருவதில்லை. கலர் டி.வி.தான், படம்மட்டும் கறுப்பு வெள்ளை. படத்தின் இடது ஓரத்தில் ஒரு வாசல் தெரிகிறது, கதவும் அந்தப்பக்கமும் தெரியவில்லை. வாசலுக்கு நேராக முதல் ஆளாக வீரையா நிற்கிறான். அவனுக்குப் பின்னால் உன் மச்சான். அவருக்குப் பின்னால் தெரியாத ஆட்கள் ஏழெட்டுப் பேர். யாரும் உட்காருவதில்லை. ஒருவரோடு ஒருவர் பேசுவதும் இல்லை.

எனக்கு உறுத்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் உடம்பில் இருப்பது அன்றைக்குப் போட்டுப்போன பனியன். தோள் கிழிசலை நான் வேறு நூலில் தைத்த தையல்கூடத் தெரிகிறது. நாலு வருஷத்தில் அது நைந்துபோகவில்லை. தாடியும் வளரவில்லை. பின்னால் அலை அடிக்கிறது, ஆனால் ஒருத்தர் துணியும் காற்றில் அசைவதில்லை. முகாமில் துணிமணி கொடுப்பார்கள்தானே? நீதான் சொல்லவேண்டும்.

கல்யாணத்தை ஆவணிக்குமேல் வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியாயிற்று. சீக்கிரம் எழுது.

லாத்தா

*

புதுடெல்லி,
11 ஜூன் 2007

அன்புள்ள லாத்தாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப்போட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஐம்பத்தைந்தில் நம் கரையில் நிலையம் இல்லை. எதிர்க்கரையில் என்னைப்போலவே பட்டியல் வைத்திருக்கிற ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் போட்டார்: அந்தச் சேனலில் அவர்கள் எப்போதுமே ஒளிபரப்பியதில்லை. பதியாமல் யாராவது நடத்துகிறார்களோ என்று அதையும் சோதித்தேன். வேறு வேலையாக மண்டபம் வந்த அலையை அளக்கிற எங்கள் வண்டியை ஏப்ரல் 28 சாயங்காலம் உங்கள் தெருமுனையில் நிறுத்தச் சொன்னேன். உனக்கு வேண்டுமென்றேதான் தெரிவிக்கவில்லை. அஸரிலிருந்து மஃரிப்வரை கிழக்கே பார்த்து அளந்திருக்கிறார்கள். கடல் அமர்ந்திருந்தது, தூரத்து நிலையங்கள்கூட நன்றாகக் கிடைத்திருக்கின்றன. ஐம்பத்தைந்தில்மட்டும் வெறும் இரைச்சல். அந்த இடம் காலி, லாத்தா. அங்கே ஒருவருமே இல்லை.

அனுப்புகிறவன் இல்லாமல் படம் வராது. மனிதனுக்கு ஆசை இருந்தால் இரைச்சலிலும் முகம் தெரியும். நீயும் ராக்குவும் ஒரே ஆசையோடு ஒரே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் உன்னைக் குறைசொல்லவில்லை. உம்மா மவுத்தானபிறகு எனக்குச் சோறூட்டி வளர்த்தவள் நீ. உன்னிடம் இதை எழுதுவது எனக்கு வலிக்கிறது.

ஹாஜியாருக்கும் எழுதிவிட்டேன். காற்றில் ஒன்றும் இல்லை, நாலு வருஷம் முடிந்துவிட்டது, தொழுகைக்கு நாள் குறிக்கலாம் என்று.

சதக்

*

வேதாளை,
9 அக்டோபர் 2007

சதக்குக்கு,

நோன்போடு கோபப்படக்கூடாது என்பதால் அளந்து எழுதுகிறேன்.

நீ ஹாஜியாருக்குப் போட்ட கடிதம் ஜும்ஆ முடிந்து நாலுபேர் கேட்க வாசிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து நம் வீட்டுக்குப் பேய் டி.வி. வீடு என்று பேர். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தொழுகைக்கு நாள் குறித்தார்கள். நான் போய்ப் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு பொம்பிளை படியை மறித்து உட்கார்ந்தால் யார் தாண்டி உள்ளே போவது? ஹாஜியார் வந்து எதிரே நின்று பார்த்துவிட்டு, "சரிம்மா, எந்திரி. பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது உனக்காகவே சொன்னதுபோல் இருக்கிறது. உன் வண்டி வந்து நின்றதாகச் சொன்னாயே ஏப்ரல் 28, அன்றைக்குத்தான் படம் எப்போதையும்விடத் தெளிவாக இருந்தது. ராக்குவைக் கேள்.

இனி உனக்கு எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஒன்று நடந்துவிட்டது, சொல்ல வேறு ஆள் இல்லை.

ஆடி அமாவாசைக்கு ராக்கு ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் வீரையாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்துதான் சொன்னாள். "நிக்க வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கது பாவம்க்கா. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு அவுகளுக்கு. நீங்க மொகத்தயே பாக்குறீக, நான் காலப் பாத்தேன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் இனி என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று அனுப்பிவிட்டேன். இருந்த ஒரு துணையும் கைவிட்டுவிட்டாளே என்று அழுதேன்.

ஆடி முழுக்கக் காற்று, படம் வரவில்லை. இப்போது புரட்டாசியில் கடல் அடங்கியது. முதல் நாள் படம் வந்ததும் பார்த்தேன். வீரையா இல்லை. அவன் நின்ற இடத்தில் வாசலுக்கு நேராக உன் மச்சான் நிற்கிறார். எல்லாரும் ஒரு ஆள் தூரம் முன்னால் வந்திருக்கிறார்கள்.

ராக்கு வீட்டுக்கு நானே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். அவள் பார்த்தாள், அழவில்லை. "போய்ச் சேந்துட்டாக" என்றுமட்டும் சொன்னாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, தம்பி. தொழுதால் அவரும் அந்த வாசலுக்குள் போய்விடுவார். அதற்குப்பிறகு சாயங்காலம் நான் எதைப் பார்ப்பேன்? எனக்கு மனசு ஒப்பவில்லை. இவள் கிறுக்கி என்று ஊர் சொல்லட்டும். கார்டில் மர்ஹூம் வேண்டாம். ஹாஜியாரிடம் நீ சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கு.

உம்மு ஹபீபா

*

ஜெனீவா,
17 நவம்பர் 2007

அன்புள்ள லாத்தாவுக்கு,

உன் கடிதத்தைச் சுலைகா இங்கே அனுப்பிவைத்தாள். மாநாடு நேற்றோடு முடிந்தது. ஒரு மாதமாக ஒரே சண்டை. சில நாடுகள் டி.வி.யின் இடத்தைத் தரமாட்டோம் என்றன, சில நாடுகள் இப்போதே வேண்டும் என்றன. கடைசியில் எல்லாரும் ஒரேபோல ஒத்துக்கொள்ள முடியாமல், தருகிற நாடுகளின் பெயரை அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. நம் நாட்டின் பெயரும் அதில் இருக்கிறது. உன் ஐம்பத்தைந்து அதற்குள்தான் வருகிறது. அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதிய ஆட்களில் நானும் ஒருவன். நாளைக்கே எதுவும் மாறாது, சில வருஷங்கள் ஆகும்.

நான் எழுத வந்தது வேறு. கடைசி நாள் கூட்டத்தில் எல்லார் காதிலும் மொழிபெயர்ப்புக் கேட்கிற கருவி இருந்தது. தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கருவியில் சத்தம் நின்றுபோனது. நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் தலையைச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெவ்வேறு நாட்டு மனிதர்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, எதற்கோ காத்திருக்கிறார்கள். நானும் தட்டிக்கொண்டிருந்தேன் என்பதைக் கையை இறக்கும்போதுதான் கவனித்தேன். அரை நிமிஷத்தில் சத்தம் வந்துவிட்டது. பக்கத்து ஆள் என் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

எனக்கு விளங்கியது என்று சொல்லமாட்டேன். அந்தச் சேனல் காலிதான், இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் இங்கிருந்தே ஹாஜியாருக்குப் போன் போட்டு என் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நீயாகச் சொல்லும்வரை யாரும் தொழவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கார்டில் மச்சான் பேரை 'ஹமீது சுல்தான்' என்றுமட்டும் அச்சடிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாரோடு நான் பேசிக்கொள்கிறேன்.

சதக்

*

வேதாளை,
12 ஏப்ரல் 2009

தம்பி சதக்குக்கு,

எழுதி ஒன்றரை வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு வந்தாய், பந்தலில் ஓடி ஓடி வேலை பார்த்தாய், டி.வி. இருக்கிற அறைப்பக்கம்மட்டும் தலைவைத்துப் படுக்கவில்லை. உன்னைப் படுத்தவேண்டாம் என்று நானும் கூப்பிடவில்லை. ஹமீதா பானு முழுகாமல் இருக்கிறாள், அதைச் சுலைகா சொல்லியிருப்பாள்.

இந்த ஒன்றரை வருஷமும் கடல் அடங்கின நாளெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாசலுக்கு நேராக அதே இடத்தில், அதே பனியனோடு, காதைத் தட்டிக்கொண்டு. எனக்கு அது போதும் என்று இருந்தது. பேசாவிட்டால் என்ன, கண்ணுக்குத் தெரிகிறாரே.

இந்தத் தையிலிருந்து படம் மாறிவிட்டது. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் என்று எழுதினேன் அல்லவா? மாசியில் படத்தின் வலது ஓரம்வரை ஆட்கள் நின்றார்கள். இப்போது ஓரத்தைத் தாண்டிப் போய், வளைந்து, பின்னால் அலை அடிக்கிற இடத்திலும் நிற்கிறார்கள். கடலே தெரியவில்லை. கிழவர்கள், பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளைகள், தலையில் மூட்டை வைத்த பெண்கள். ஒரே கூட்டம், ஆனால் தள்ளுமுள்ளு இல்லை. அக்கரையில் நடப்பது பேப்பரில் வருகிறது. மண்டபம் முகாமில் இருக்கிற சனங்கள் தெருவில் உட்கார்ந்து அழுகிறார்கள். இவர்கள் யார் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எல்லாரும் அந்த வாசலைப் பார்த்து நிற்கிறார்கள். முதல் ஆள் நகர்ந்தால்தான் அடுத்த ஆள் நகரமுடியும். முதல் ஆள் உன் மச்சான்.

அவருக்கு அடுத்து இப்போது ஒரு சின்னப்பெண். பிள்ளைக்காரி என்று பழைய ஏழெட்டுப் பேரும் அவளை முன்னால் விட்டிருக்கிறார்கள். என் மகள் வயசுதான் இருக்கும். இடுப்பில் பிள்ளை. மூன்று வாரமாகப் பார்க்கிறேன், பிள்ளையைக் கீழே இறக்கவே இல்லை. இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றுகிறாள், அவ்வளவுதான். முந்தாநாள் ராக்கு என்னைக் கேட்டாள்: "அக்கா, நீங்க ஒருத்தி பாக்கணுங்கறதுக்கு இத்தன பேரு நிக்கணுமா?" எனக்குக் கோபம் வரவில்லை. இவர்களை நிறுத்திவைத்திருப்பது நான்தான்.

ஹாஜியாரிடம் சொல், தம்பி. அன்றைக்குக் கார்டில் போடாத சொல்லை இப்போது அவர் பேருக்கு முன்னால் போடச் சொல். வெள்ளிக்கிழமை அஸருக்குப்பிறகு தொழட்டும், படம் வருகிற நேரம் அது. நீயும் வா. எனக்குப் பொறுப்பான வலி என்று ஒரு ஆள் பள்ளிவாசலில் நிற்கவேண்டும்.

லாத்தா

*

புதுடெல்லி,
24 ஏப்ரல் 2009

அன்புள்ள லாத்தாவுக்கு,

ஹாஜியாரிடம் பேசிவிட்டேன். மே 15 வெள்ளிக்கிழமை. முதல் நாளே வந்துவிடுகிறேன்.

சொல்லிவிட்டால் பிறகு திரும்ப வாங்கமுடியாது, லாத்தா. கூப்பிட்டால் குரல் கேட்கிற தூரத்தில்தான் நான் இருப்பேன், கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்று தோன்றினாலும் ஆள் அனுப்பு.

இன்னொன்று. ஜெனீவாவில் ஒதுக்கிய இடத்தில் புதுப் போனுக்கான சோதனை செய்ய நம் கரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடலுக்குக் குறுக்கே எவ்வளவு தூரம் அலை போய் முட்டுகிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல கரை இல்லை. ஜூன் கடைசியில் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் ஐம்பத்தைந்தில் வேறு எதுவும் தெரியாது. கோப்பு என் மேசையில் இருக்கிறது. உன்னிடம் மறைக்கக்கூடாது என்று எழுதுகிறேன். வரும்போது அளவைக் கருவி ஒன்றையும் எடுத்துவருகிறேன். என் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

சதக்

*

வேதாளை,
22 மே 2009

தம்பி சதக்குக்கு,

இத்தாவில் இருக்கிறேன். வெள்ளை கட்டியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை ராக்குதான் தபாலில் போடுவாள்.

உன் செருப்பு இங்கே இருக்கிறது. பள்ளியிலிருந்து வந்து, டி.வி. அறையின் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தாய். பெட்டியை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாய். நீ கொண்டுவந்த கருவி அப்போதும் ஒன்றும் காட்டாமல்தான் கிடந்தது. என்ன பார்த்தாய் என்று நான் கேட்கமாட்டேன். அங்கே என்ன நடந்தது என்றுமட்டும் தெரிந்துகொள். நீ பள்ளியில் இருந்தாய், உனக்கு அது தெரியாது.

படம் இருக்கிற அறையில் தொழக்கூடாது என்பதால் நான் முற்றத்தில் நின்றேன். தொழும்போது பார்க்கிற கிப்லா மேற்கே, டி.வி. எனக்கு முதுகுப்பக்கம். ஆக, அவர் போவதைப் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை. ராக்கு உள்ளே உட்கார்ந்து எனக்காகப் பார்த்தாள். பள்ளியின் ஸ்பீக்கரில் அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் கேட்டது. நான் கையைக் கட்டினேன். திரும்பிப் பார்த்துவிடுவேனோ என்று பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவ்வளவு ஆசை, தம்பி. நாலு தக்பீரும் முடிந்து ஸலாம் கொடுக்கும்வரை உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பிறகுதான் ராக்கு வெளியே வந்து சொன்னாள். "மொதச் சத்தத்துக்கே காதத் தட்டுறத நிப்பாட்டிட்டாகக்கா. நிமுந்து பாத்தாக. கேட்டுருச்சு அவுகளுக்கு."

ஆறு வருஷமாக அந்த மனிதர் காதைத் தட்டிக்கொண்டு நின்றது இதைக் கேட்கத்தான். நான் அது தண்ணீர் அடைப்பு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

நான் உள்ளே போனபோது அவர் இல்லை. அந்தச் சின்னப்பெண் முதல் ஆளாக வாசலுக்கு நேராக நின்றாள். நீ எட்டிப் பார்த்ததும் அவளைத்தான். அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, காதைத் தட்ட ஆரம்பித்தாள்.

அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் ஆட்களும் அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்போலிருக்கிறது. என்ன பேர், எந்த ஊர், எந்த மதம், ஒன்றும் தெரியாது. முகத்தில் எழுதியா இருக்கிறது? மறுநாள் அஸருக்குப்பிறகு நான் முற்றத்தில் நின்று அவளுக்காகக் கையேந்தி துஆ கேட்டேன். ராக்கு கொல்லையில் எள்ளும் தண்ணீரும் விட்டாள். எது அவளுக்குப் போய்ச் சேரவேண்டியதோ அது சேரட்டும் என்று இரண்டையும் செய்தோம். உள்ளே வந்து பார்த்தால் அவள் இல்லை. பிள்ளையும் இல்லை. ஒரு கிழவர் நின்றார்.

அன்றிலிருந்து தினமும் செய்கிறோம். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு ஆள், சிலநாள் இரண்டு ஆள். அதற்குமேல் நகர மாட்டேன் என்கிறது. பேய் டி.வி. வீடு என்றவர்கள் வீட்டிலிருந்தே பெண்கள் வந்து என்னோடு முற்றத்தில் உட்காருகிறார்கள். நேற்று ஹாஜியார் வீட்டம்மாவும் வந்தார். வைகாசி பிறந்துவிட்டது, கச்சான் காற்று இந்நேரம் எழும்பியிருக்கவேண்டும். இந்த வருஷம் காற்றே வரவில்லை. கடல் எண்ணெய் ஊற்றினமாதிரி கிடக்கிறது, வலைக்குப் போகிறவர்கள் பயப்படுகிறார்கள். படம் ஒருநாள்கூட நிற்கவில்லை.

உன் மேசையில் கோப்பு இருக்கிறது என்றாய். உலகமே கூடி முடிவெடுத்த காரியத்தை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் பேச போன் வேண்டும், நீ சொன்னதுபோல ஏழை கையிலும் இருக்கவேண்டும். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அந்த இடத்தைக் கொடு. கொஞ்சம் மெதுவாகக் கொடு, தம்பி. வரிசை ரொம்ப நீளமாக இருக்கிறது.

உன் லாத்தா
உம்மு ஹபீபா